பொதுத்தரமும் நமது ஏடுகளும்

சென்ற ஆண்டு மார்கழித் திங்களில், நமது கலாசாலையின் பழைய மாணவர் ஒருவர் நமக்கொரு கடிதம் விடுத்தார். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலரின் தமிழ்ப் பகுதியில் தாம் வரைந்த கட்டுரையொன்றைத் தம் மகளுக்குக் காட்ட விரும்புவதாகவும், தம்மிடமிருந்த பிரதி காணாமற் போயிற்றென்றும் அவர் எழுதியிருந்தார். நூல்நிலையத்தில் அவ்வாண்டு மலரின் பிரதி ஒன்றே இருந்தது. அதன் பின்பாதியைக் கரையான் அரித்துவிட்டது. ஆயினும் நாம் கவலை கொண்டோமில்லை. அக்காலத்திலேயே மலர் கணினியிற் கோக்கப்பட்டு, குறுந்தட்டில் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. தட்டைக் கணினியில் இட்டோம். கோப்பும் பழுதின்றித் திறந்தது. ஆனால் திரையில் தோன்றியது தமிழன்று. ஆங்கில எழுத்துக்களும், நிறுத்தக் குறிகளும், பொருளற்ற வடிவங்களும் முறையின்றிச் சிதறிக் கிடந்தன. கரையான் பாதியைத் தின்றது. கணினியோ முழுவதையும் மறைத்தது.

இந்நிகழ்ச்சி சிறிதெனினும் இதனுள் அடங்கிய விஷயம் சிறிதன்று. நாம் எழுதியது, நம் பணத்திற் கோத்தது, நம் அலமாரியில் இருப்பது. எனினும் நம்மாற் படிக்க இயலாதது. இஃது எவ்வாறு நேர்ந்தது, இனி நேராதிருக்கச் செய்யத்தக்கது யாது என்பவற்றை மாணவர்களும் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் நம்முடன் சேர்ந்து சிந்திக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ‘க’ என்று நாம் தட்டும்போது அஃது ஓர் எண்ணாகவே தட்டில் பதிகின்றது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதில் யாவரும் ஒருமித்திருந்தால், ஒருவர் பதித்ததை மற்றொருவர் படிக்கலாம். தமிழிலோ 1990-களில் இத்தகைய ஒருமிப்பு நடைமுறையில் இல்லை. எழுத்துரு செய்த கம்பெனி ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய எண்ணைத் தனக்குத் தோன்றிய எழுத்துக்கு அளித்தது. சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலேயே தமிழை அமர்த்தின. அவ்வெழுத்துரு கணினியில் உள்ளவரை ஏடு தமிழாகத் தோன்றும். அது நீங்கியவுடன் ஆங்கிலச் சிதறலாக மாறிவிடும். நமது மலரைக் கோத்த எழுத்துருவும் அத்தகையதே. அதைச் செய்தவர் தொழிலை விட்டு நெடுநாளாயிற்று. அவர் கையிலிருந்த திறவுகோலும் அவருடனே போயிற்று.

இக்குறையை உணர்ந்து தமிழுலகம் வாளாவிருக்கவில்லை. உலக மொழிகளனைத்திற்கும் பொதுவாக அமைந்த யூனிகோடு என்னும் எழுத்துத் தரத்தின் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தபொழுதே அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. எனினும் அக்காலத்துக் கணினிகளும் மென்பொருள்களும் அதனைக் கையாளும் நிலையில் இல்லை. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணையம் பற்றிய மாநாடு கூடிற்று. பல தேசங்களில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர் மின்னஞ்சல் வாயிலாகவே உரையாடித் தஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் பயனாக, டாப், டாம் என்னும் இரு குறியேற்றங்களையும், தமிழ் 99 என்னும் விசைப்பலகை அமைப்பையும் தமிழ்நாடு அரசினர் ஏற்றனர். ஒன்றாயிருக்க வேண்டிய பொதுத்தரம் இவ்வாறு பலவாயிற்று. பழைய தனி எழுத்துருக்களும் உடன் வாழ்ந்தன.

இவ்வழக்கு நமது கோவை மாநகரிலேயே ஒரு முடிவை எய்தியது என்பது நமக்குப் பெருமை தருவதாகும். 2010-ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை இங்கு உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததும், அதனுடன் தமிழ் இணைய மாநாடும் கூடியதும் நம்மிற் பலர் நேரிற் கண்டவை. அந்நாளிலேயே யூனிகோடைத் தமிழ்க் கணினிப் பணிகளுக்குரிய தரமாகவும், அது போதாத இடங்களில் உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனியிடம் அளிக்கும் டேஸ் 16 என்னும் குறியேற்றத்தை மாற்றுத் தரமாகவும் கொள்ள அரசாணை பிறந்தது. முதற்பதிப்பு வெளிவந்த ஆண்டிலிருந்து எண்ணினால் இடைப்பட்ட காலம் 19 ஆண்டுகள். அவ்விடைக்காலத்தில் தனி எழுத்துருக்களிற் கோக்கப்பட்ட மலர்களும், நூல்களும், அலுவலகக் குறிப்புகளும் எத்துணை என்று எவரே எண்ணிச் சொல்ல வல்லார்?

இது நடந்து முடிந்த கதை, இனி அஞ்சுவதற்கென்ன என்று சிலர் வினவலாம். எழுத்தளவில் அது முடிந்த கதையே. ஆனால் எழுத்துக்கு நேர்ந்த இடர், அவ்வெழுத்தை இருத்தி வைக்கும் பெட்டிக்கு இன்றும் நேர்ந்து வருகின்றது. அதையும் நாம் நம் அனுபவத்தாலேயே அறிந்தோம்.

கலாசாலையின் மதிப்பெண் பதிவேடுகள், பழைய நிழற்படங்கள், ஆராய்ச்சி மாணவர்களின் அளவைக் குறிப்புகள் ஆகிய யாவும் இப்பொழுது தரவுச் சேமிப்புப் பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக அடுக்கி, அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் தரவு அழியாவண்ணம் அமைத்த பெட்டியே இஃது. முதற்பெட்டியை ஒரு கம்பெனியிடம் வாங்கினோம். சில ஆண்டுகள் கழித்து இடம் போதாமையால் வேறொரு கம்பெனியின் பெட்டியையும் வாங்கினோம். புதிய பெட்டியுடன் வந்த மேற்பார்வை மென்பொருள் அதனை மட்டுமே கண்டது. பழைய பெட்டி அதன் கண்ணுக்குப் புலனாகவில்லை. பழைய பெட்டிக்குரிய மென்பொருளோ, அது நிறுவப்பட்டிருந்த கணினியை மாற்றியபொழுது மறக்கப்பட்டது. ஒருநாள் பழைய பெட்டியில் ஒரு டிஸ்க் பழுதுற்றது. பூட்டிய அறையுள் அதன் செவ்விளக்கு பதினொரு நாள் எரிந்துகொண்டிருந்தது, எவரும் அறிந்திலர். அந்நாட்களில் மற்றொரு டிஸ்க்கும் பழுதுற்றிருக்குமாயின், பல ஆண்டு மாணவர்களின் பதிவேடுகள் மீளாதொழிந்திருக்கும். மின்சாரம் பழுதுபார்க்க வந்தவர் தற்செயலாகக் கண்டு கூறியதனால் தப்பினோம். தற்செயலை நம்பி ஒரு கலாசாலை நடத்தலாகாது.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர் நன்கறிதல் வேண்டும். பெட்டியிலிருந்து தரவை எடுப்பதற்கும் அதில் வைப்பதற்கும் பொதுத்தரம் நெடுநாளாகவே உண்டு. ஸ்கஸி என்னும் இணைப்பு முறை 1986-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க தேசியத் தரமாயிற்று. அதனால் எக்கம்பெனியின் டிஸ்க்கிலும் எக்கணினியும் எழுதலும் படித்தலும் கூடும். ஆனால் மேற்பார்வை என்பது வேறு. எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது, எப்பகுதியை எந்தக் கணினிக்கு ஒதுக்குவது, எந்த டிஸ்க் தளர்ந்துள்ளது, எப்பொழுது நகலெடுப்பது என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் மொழியிலேயே விடையளித்தது. நான்கு கம்பெனிப் பெட்டிகள் வைத்திருப்பவர் நான்கு மொழிகள் கற்க வேண்டியவராயினர்.

இவ்விடரை நீக்கும்பொருட்டே, 1997-இல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்னியா என்னும் சேமிப்பு வலையமைப்புத் தொழிற்சங்கம் ஒரு பொதுத்தரத்தை வகுத்தது. எஸ்.எம்.ஐ.-எஸ். என்பது அதன் பெயர். அது 2004-இல் அமெரிக்க தேசியத் தரமாகவும், 2007-இல் ஐ.எஸ்.ஓ./ஐ.ஈ.சி. 24775 என்னும் எண்ணுடன் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. ஒருவரோடொருவர் போட்டியிடும் கம்பெனிகளே ஒரு மேசையில் அமர்ந்து இதனை வகுத்தன என்பது நோக்கத்தக்கது.

அதன் செயல்முறையை ஓர் உவமையால் விளக்குவோம். பல ஆலைகளை உடைய முதலாளி ஒருவர் இருக்கிறார். ஆலை ஒவ்வொன்றின் கணக்கரும் தத்தம் வழக்கப்படி பேரேடு எழுதிக்கொள்ளட்டும். ஆனால் மாத முடிவில் முதலாளிக்கு அனுப்பும் அறிக்கை ஒரே படிவத்தில் இருத்தல் வேண்டும் என்று அவர் விதிக்கிறார். அப்பொழுது பத்து ஆலைகளின் நிலையையும் அவர் ஒரு நோக்கிற் காணலாம். எஸ்.எம்.ஐ.-எஸ். செய்வதும் இதுவே. டிஸ்க், டிஸ்க்குகளின் தொகுதி, அதிலிருந்து பிரித்தளிக்கப்படும் பகுதி, இணைப்புவாய் ஆகிய ஒவ்வொன்றிற்கும் பொதுப் பெயரும் பொதுப் பண்புகளும் அத்தரம் வகுத்துள்ளது. பெட்டியின் உள்ளமைப்பு எவ்வாறாயினும், உள்மொழியைப் பொதுமொழியாக மாற்றித் தரும் சிறு மென்பொருள் ஒன்றை அக்கம்பெனியே அளிக்கும். வாங்கியவர் தமக்கு விருப்பமான ஒரே மேற்பார்வை மென்பொருளைக் கொண்டு எல்லாப் பெட்டிகளையும் வினவலாம். நமது பூட்டிய அறையின் செவ்விளக்கும் அவ்வாறு வினவப்பட்டிருக்குமாயின் பதினொரு நாள் வீணே எரிந்திராது.

பொதுத்தரத்தின் அருமை கொங்கு நாட்டார்க்குப் புதிதன்று. முன்னாளில் இந்நாட்டில் தானியம் வள்ளத்தால் அளக்கப்பட்டது. ஏனைப் பகுதிகளில் படியும் மரக்காலும் வழங்கின. ஓரூர் அளவு மற்றோரூர் அளவோடு ஒவ்வாமையால் விளைந்த வழக்குகளை முதியோர் இன்றும் கூறுவர். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் மெட்ரிக் அளவு படிப்படியாக வந்தது. இன்று ஈரோட்டில் மஞ்சளைக் குவிண்டாற் கணக்கில் விலை பேசுவார் எவரும், எவ்வூர்க் குவிண்டால் என்று வினவுவதில்லை.

இதனினும் அணுக்கமான சான்று நமது பட்டறைகளில் உண்டு. பீளமேட்டில் 1937-ஆம் ஆண்டில் மின்மோட்டார் செய்யப்பட்டது முதல் இந்நகரம் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்றது. கிணத்துக்கடவுப் பக்கத்து உழவர் ஒருவரின் மோட்டார் பேரிங் தேய்ந்து நின்றுவிட்டதெனக் கொள்வோம். அவர் அருகிலுள்ள கடைக்குச் சென்று ‘6205 ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பார். எக்கம்பெனியின் பேரிங்காயினும் அவ்வெண்ணுக்குரிய உட்துளை 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர், அகலம் 15 மில்லிமீட்டர். மாலைக்குள் தண்ணீர் பாயும். மோட்டார் செய்தவர் தொழிலை விட்டிருப்பினும் பயிர் வாடாது. பேரிங்குக்கு வேண்டுமென நாம் வற்புறுத்தும் இவ்வுரிமையை, நம் பிள்ளைகளின் பதிவேடுகளுக்கு வேண்டாமென விடுவது எவ்வகை அறிவு?

பொதுத்தரத்தை மறுத்துரைப்பாரும் உளர்; அவர் கூற்றையும் ஆராய்வது முறையாகும். பொதுத்தரம் புதுமையைத் தடுக்கும். எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டால் முன்னேற்றம் ஏது என்பது அவர் முதல் வாதம். இதற்கு விடையும் அப்பேரிங்கிலேயே உண்டு. தரம் விதிப்பது ஒன்றோடொன்று பொருந்தும் அளவை மட்டுமே. எஃகின் உறுதி, குண்டுகளின் வழவழப்பு, உராய்வின் குறைவு ஆகியவற்றில் கம்பெனிகள் இன்றும் ஒன்றையொன்று முந்த முயல்கின்றன. சேமிப்புப் பெட்டியிலும் வேகம், மின்செலவு, நம்பகம் ஆகியவற்றிற் போட்டிக்கு இடம் நிறைய உண்டு. வாங்கியவரை வெளியேறவொட்டாமல் கட்டி வைப்பது புதுமையாகாது.

இத்தரம் ஏட்டில் உள்ள அளவுக்கு நாட்டில் இல்லை என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு, மறைக்க வேண்டுவதில்லை. எஸ்.எம்.ஐ.-எஸ். மிக விரிந்தது, கற்பதற்கும் செய்வதற்கும் கடினமானது. சில கம்பெனிகள் அதன் ஒரு பகுதியை மட்டும் ஏற்றன. தம் புதிய வசதிகளைத் தம் சொந்த மென்பொருளிலேயே வைத்துக்கொண்டன. இக்குறை கண்டே அச்சங்கம் 2016-இல் ஸ்வார்ட்பிஷ் என்னும் எளிய தரத்தை வெளியிட்டது. இணையப் பக்கங்கள் வந்து சேரும் அதே வழியில், இளைய நிரலாளரும் எளிதிற் படிக்கத்தக்க வடிவில் அது விடையளிக்கின்றது. ஆகவே, குறையுள்ள தரத்தைத் திருத்துவதே முறை. தரமே வேண்டாவென்பது முறையன்று. தமிழ் எழுத்தும் 1999-இல் எய்தாத ஒருமிப்பை 2010-இல் எய்தியதன்றோ?

பெட்டியே வேண்டாம், யாவற்றையும் மேகச் சேமிப்பில் வைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை என்பது மூன்றாவது வாதம். மேகமென்பது பிறர் வீட்டிலுள்ள பெட்டியேயன்றி வேறன்று. உள்ளே வைப்பது எளிது. வெளியே எடுப்பதற்குக் கட்டணமும் காலமும் வேண்டும். வாயிலைக் காணாமல் பிறர் வீட்டுக்குள் நுழைவது எங்ஙனம்? அங்கும் தரவைக் கையாள்வதற்குச் சி.டி.எம்.ஐ. என்னும் தரம் 2012-இல் சர்வதேச ஏற்புப் பெற்றுள்ளது. அதை ஏற்றோர் யார், ஏலாதோர் யார் என வினவுவது வாங்குவோர் கடமை.

கம்பெனிகளை மட்டும் குறைகூறுதல் நம் கருத்தன்று. கேட்பார் இல்லாதபொழுது தருவார் யார்? பெட்டி வாங்கும்பொழுது விலையைக் கேட்டோம், கொள்ளளவைக் கேட்டோம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றும் கேட்டோம். இதனைவிட்டு நாங்கள் நீங்க விரும்பினால் எவ்வாறு நீங்குவது என்று ஒருவரும் கேட்டோமில்லை. பிழை பெரும்பாலும் நம்முடையதே. இந்திய அரசினர் 2010-ஆம் ஆண்டு நவம்பரில் மின்னாளுகைக்குரிய திறந்த தரங்கள் பற்றிய கொள்கையொன்றை வெளியிட்டனர். அஃது அரசு அலுவலகங்களைக் கருதியதே எனினும், அதன் கருத்தை ஒரு கலாசாலையோ, மருத்துவமனையோ, நூற்பாலையோ தானே மேற்கொள்வதற்குத் தடையொன்றுமில்லை.

ஆகவே நமது கலாசாலைக்கு நான்கு முறைகளை வேண்டிக்கொள்கிறோம். முதலாவது, சேமிப்புப் பெட்டியோ மேகச் சேமிப்போ வாங்கும்பொழுது, அஃது எப்பொதுத்தரத்தின் எப்பதிப்பை ஏற்றுள்ளது, அதற்குரிய சோதனையிற் தேறியதா என்பதை விலைப்புள்ளிக் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும். ‘தரத்திற்கு இசைந்தது’ என்னும் வாய்ச்சொல் போதாது.

இரண்டாவது, முழுப் பணம் கொடுப்பதற்கு முன்னர், தரவின் ஒரு பகுதியை வேறொரு கம்பெனியின் பெட்டிக்கு மாற்றிக் காட்டுமாறு கேட்க வேண்டும். மோட்டாரை ஓட்டிப் பாராமல் வாங்கும் உழவர் நம்மூரில் இல்லை.

மூன்றாவது, நாம் எழுதுவன யாவும் யூனிகோடிலேயே அமைதல் வேண்டும். கோப்புகளை, 2006-இல் ஐ.எஸ்.ஓ. ஏற்ற ஓ.டி.எப். போன்ற திறந்த வடிவிலோ, நெடுங்காலக் காப்புக்கென 2005-இல் வகுக்கப்பட்ட பி.டி.எப்.-ஏ வடிவிலோ வைத்தல் வேண்டும். பெட்டி எத்துணைச் சிறந்ததாயினும், உள்ளிருக்கும் ஏடு தனிமொழியில் இருப்பின் பயனில்லை என்பதைக் குறுந்தட்டு நமக்குக் கற்பித்தது.

நான்காவது, ஆண்டுக்கொருமுறை பழைய கோப்புகளைத் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும். சேமித்து வைத்தோம் என்பது காத்தோம் என்பதாகாது. கணினித் துறை மாணவர்கள் இதனை ஆண்டுதோறும் செய்யும் பயிற்சியாகக் கொள்ளலாம். தொழில் நிலையங்களில் அமர்ந்துள்ள பழைய மாணவர்களும், கொள்முதற் குழுவினருக்கு இவ்விஷயத்தில் ஆலோசனை நல்கலாம்.

இனி, கடிதம் விடுத்த அன்பருடைய கட்டுரை என்னாயிற்று என்று கேட்பீர்கள். கரையான் விட்டுவைத்த முற்பாதிப் பக்கங்களையும் குறுந்தட்டிலிருந்த சிதறலையும் அருகருகே வைத்து, எக்குறி எவ்வெழுத்து என்று மாணவர் மூவர் பட்டியல் ஒன்று எழுதினர். அப்பட்டியலைக் கொண்டு பிற்பாதியை மீட்டனர். மூன்று வாரம் உழைத்துப் பெற்றது ஒரு கட்டுரை. நொய்யற் கரையிலுள்ள தம் ஊரில், சிறுவயதில் தாம் நீந்திய மடுக்களையும் கடந்த துறைகளையும் அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருந்தார். அவற்றுட் சில இப்பொழுது இல்லையென்றும், அப்பெயர்களைத் தம் ஊர் இளைஞர் அறியாரென்றும் அவர் மறுமொழி எழுதினார். அப்பெயர்கள் நிலைத்திருப்பது இனி இம்மலரில் மட்டுமே.

அதே எழுத்துருவிற் கோக்கப்பட்ட மலர்கள் இன்னும் ஏழு உள்ளன. பட்டியல் கையில் இருப்பதால் இனி வேலை விரைவில் நடக்கும். இவ்வாண்டிலேயே அவை யாவும் யூனிகோடாக்கப் பெறல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். இன்று எழுதும் மாணவர்களின் எழுத்துக்கு இத்தகைய மீட்சி தேவைப்படாதிருத்தல் வேண்டும். அவர் எழுதியதை எப்பெட்டியில் வைத்தாலும், அப்பெட்டியை எவர் செய்திருந்தாலும், அவருடைய மக்கள் தடையின்றி எடுத்துப் படிக்கும் வண்ணம் நம் ஏற்பாடுகள் அமைவனவாக.